பஸ் ஓடாத வாரம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் அடங்கி, மறுபடி பஸ் விட்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட புளியமரங்கள் ரோட்டோரம் கிடந்தன. கள்ளக்குறிச்சியில் ஏறி வெள்ளிமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் டாக்டருக்குப் படிக்கும் பையன்கள் இரண்டு பேர்.

"சார் சர்வே எடுக்கச் சொன்ன மலை ஊர்ல, என் நோட்டுப்படி ஒருத்தருக்குத் தலைவலிகூட இல்லடா."

"வூடு வூடா போனியா?"

"எங்க போறது? ரோடெல்லாம் மரம். ஆஸ்டல்லயே குந்திக்கினு முப்பது வூட்டுக்கும் எழுதிட்டேன்."

"சார் கண்டுபிடிச்சிட்டாரா?"

"அவரு எங்க கண்டுபிடிச்சாரு? பஸ்ஸே இல்லாதப்ப நடந்தே போயிருக்கான் பாருன்னு கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சு கை தட்டச் சொன்னாரு."

"அப்பறம் இன்னா?"

"நோயே இல்லாத ஊருக்கு எதுக்குன்னு காலரா ஊசி முகாம வேற ஊருக்கு மாத்திட்டாங்க. இப்ப அங்க வாந்திபேதியாம். ரெண்டு பேரு செத்துட்டாங்க."



"அதுக்கு நீ எதுக்குடா போற?"

"சார்தான் அனுப்புறாரு. ஊசின்னா ஜனங்க பயப்படுவாங்களாம். பழகின முகம் ஒண்ணு முன்னாடி போய் சொல்லணுமாம்."

மலைப்பாதையில் முதல் வளைவு திரும்பியது.

"டேய், அந்த ஊருக்கு எங்க எறங்கணும்னு கண்டக்டரக் கேளுடா."