கூப்பிடவில்லை

— தும்மினதும் நான்தானாமா?

— ஆமா அண்ணி. அன்னைக்குக் காலையில அண்ணன் ஷூ மாட்டும்போது நீங்க தும்மினீங்களாம். ஒத்தைத் தும்மலாம். அம்மா எண்ணி வெச்சிருக்காங்க.

— ரெண்டு தும்மலா இருந்தா உங்கண்ணன் ஆறாவது மாடியிலருந்து விழுந்திருக்க மாட்டார். சரி, அடுத்து?

— என் மேல ஏன் கோபப்படறீங்க? முன் ரூம்ல பேசறதைத்தான் சொல்றேன். நான் உங்க கட்சி.

— தெரியும். கையை நிறுத்தாம சொல்லு. அந்தச் சட்டையெல்லாம் மடிச்சுப் பெட்டியில வை. நீலச் சட்டை வேண்டாம், அது இங்க இருக்கட்டும்.

— இதுல எண்ணெய்க் கறை இருக்கே அண்ணி.

— இருக்கட்டும். அடுத்து?

— அடுத்து கண்ணாடி. ஸ்கூல்ல பசங்க முன்னாடி உடைச்சீங்களே, அந்தக் கண்ணாடி.

— அது நாலு வருஷத்துக்கு முன்னாடி. முப்பத்தெட்டுப் பசங்களை உக்கார வெச்சு உடைச்சேன். யாருக்காவது ஏதாவது கெடுதல் நடக்குதான்னு வருஷம் பூரா எழுதி வெச்சுக் காட்டினேன். ஒருத்தனுக்கு அம்மை போட்டுச்சு, அதுவும் பக்கத்து கிளாஸ்லருந்து ஒட்டினது. அதுக்கப்புறம் எனக்குக் கண்ணாடி டீச்சர்னே பேராயிடுச்சு. உங்கண்ணன் அன்னைக்கு எப்படிச் சிரிச்சார் தெரியுமா.

— அந்தக் கெடுதல்தான் நாலு வருஷம் காத்திருந்து இப்ப அண்ணனைப் பிடிச்சிடுச்சுன்னு பெரியப்பா சொல்றார்.

— பேங்க்ல மேனேஜரா இருந்த பெரியப்பாவா?

— அவரேதான். வட்டியும் முதலுமா வந்திருக்காம்.

— சிரிக்காதடி. உனக்கு மட்டும் என்ன. உங்க லேப்ல யாராவது, ‘இன்னைக்கு என்ன, கூட்டமே இல்ல’ன்னு சொன்னா நீ அவங்களை என்ன பாடு படுத்துவ?

— அது வேற அண்ணி. சத்தியமா சொல்றேன், அப்படிச் சொல்லி வாயை மூடறதுக்குள்ள இருபது பேர் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிட்டு வந்து நிப்பாங்க. நானே பார்த்திருக்கேன்.

— அது வேறதான். எல்லாருக்கும் அவங்கவங்களோடது வேறதான். சரி, சுத்தி வளைக்காத. இதுக்கா கதவைச் சாத்திட்டு வந்த?

— இல்ல. எதிர் வீட்டு டெய்லரக்கா வந்து ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க.

— என்ன சொன்னாங்க?

— அன்னைக்கு ஏழு மணிக்கு அண்ணன் கீழ வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தாராம். நீங்க பால்கனிக்கு ஓடி வந்து வாயைத் திறந்துட்டு நின்னீங்களாம். அவங்க மிஷின் ஓடிட்டு இருந்ததால சத்தம் கேக்கலயாம். ஆனா வாய் திறந்திருந்துச்சாம்.

— சரி.

— கிளம்பின ஆளைப் பின்னாடி கூப்பிட்டா போற காரியம் விளங்காதுன்னு அம்மா நாங்க நடை பழகும்போதே சொல்லிக் கொடுத்தது. டெய்லரக்கா சொன்னதைக் கேட்டதுலருந்து ஒரே பிடிவாதம். கூப்பிட்டாளா இல்லையான்னு தெரியணும், கூப்பிட்டிருந்தா ஒரு நிமிஷம் இந்த வீட்ல இருக்க மாட்டேன், என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கறாங்க.

— கூட்டிட்டுப் போயேன்.

— அண்ணி, அவங்க போனா அதோட போயிடுமா? பெரியப்பா, சித்தி, எல்லாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. நீங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போய் எல்லார் வாயையும் அடைச்சிடறேன். அப்புறம் இந்த மனுல ஒரு கையெழுத்துப் போடுங்க, நாளைக்குக் காலையில நான் கொண்டுபோய்க் கொடுக்கணும்.

— என்ன மனு?

— கம்பெனி மேல. மூணு நாளா உக்காந்து எழுதியிருக்கேன். சேஃப்டி பெல்ட் போடாம ஏறினாராம், அவரோட கவனக்குறைவாம். யார்கிட்ட கதை விடறானுங்க? பதினாறு வருஷமா ஏசி மாட்டற மனுஷன். வீட்ல பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறினாக்கூட யாரையாவது பிடிச்சுக்கச் சொல்ற ஆளு. சொந்தக் காசுல பெல்ட் வாங்கி வெச்சிருந்தார், கம்பெனி பெல்ட்டை நம்ப மாட்டார். அந்த பெல்ட் எங்கடான்னு கேட்டா ஒருத்தனும் பதில் சொல்லல. பழசு, அறுந்துடுச்சு, எடுத்து மறைச்சுட்டானுங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்.

— அன்னைக்கு அவர்கூட இருந்த சூபர்வைசரைப் பார்த்தியா?

— பார்த்தேனாவா? அவர் வீட்டு வாசல்லயே நின்னு, தெருவே பார்க்க, ‘நீ கொலைகாரன்’னு சொல்லிட்டு வந்தேன். அவர் சம்சாரம் கதவுக்குப் பின்னாடி குழந்தையை வெச்சுட்டு நின்னுட்டு இருந்துச்சு.

— அவர் என்ன சொன்னார்?

— அழுதார். ‘பெல்ட்டை மறந்துட்டேன்னு அவரே சொன்னாரும்மா. வேற ஒண்ணு வர அரை மணி நேரம் ஆகும்னேன், ரெண்டு ஸ்க்ரூதானே, முடிச்சிடறேன்னு அவரே ஏறிட்டார், நான் தடுத்திருக்கணும்’னு. நல்லா நடிச்சார்.

— நடிப்பா இருக்காது.

— அண்ணி, நீங்க யாருக்குப் பரிஞ்சு பேசறீங்க?

— யாருக்கும் இல்ல. நீ கேக்க வந்ததைக் கேளு.

— கூப்பிட்டீங்களா?

— கூப்பிட்டிருந்தா?

— கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் இல்ல. பின்னாடி கூப்பிட்டா ஆள் செத்துடுவாங்களா? நான் இதெல்லாம் நம்பறவளா?

— நம்பலன்னா எதுக்குக் கேக்கற?

— அம்மாகிட்ட சொல்லத்தான்.

— கூப்பிடல.

— நிஜமாவா?

— உங்கண்ணன் மேல ஆணையா கூப்பிடல. ஒரு சத்தம்கூட என் வாயிலருந்து வரல.

— அப்பாடா.

— என்ன அப்பாடா?

— ஒண்ணும் இல்ல.

— நெஞ்சுல கை வெச்சுக்கிட்ட. பெருமூச்சு விட்ட. நம்பாதவளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மூச்சு?

— தெரியல அண்ணி. டெய்லரக்கா சொன்னதுலருந்து எனக்குள்ளயே ஏதோ அரிச்சுட்டு இருந்துச்சு. படிச்சது, வேலை பார்க்கறது எல்லாம் ஒரு பக்கம். மன்னிச்சுடுங்க.

— மன்னிக்க என்ன இருக்கு. போன மாசம் உங்கண்ணன் கையில கட்டுப் போட்டுட்டு இருந்தாரே, ஞாபகம் இருக்கா?

— கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னார்.

— ஏணி வழுக்கினது. உங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு கதவுன்னு சொன்னார். அன்னைக்குக் காலையில நான் கூப்பிட்டேன். சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டார்னு மாடியிலருந்து கத்திக் கூப்பிட்டேன். திரும்பி வந்து வாங்கிட்டுப் போனார். சாயங்காலம் கட்டோட வந்தார்.

— அது தற்செயல் அண்ணி.

— எனக்குச் சொல்லித் தர்றியா? முப்பத்தெட்டுப் பேருக்கு நான் நடத்தின பாடம் அது. உங்கண்ணன் சிரிச்சார். ‘இன்னொரு தடவை கூப்பிடு, ஒரு வாரம் லீவு கிடைக்கும்’னார். நானும் கூடச் சிரிச்சேன். ஆனா மறுநாள்லருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே டப்பா, போன், பர்ஸ், சாவி எல்லாத்தையும் வாசல்ல வரிசையா எடுத்து வெச்சிடுவேன். எதுக்கும் பின்னாடி கூப்பிடற மாதிரி ஆகக் கூடாதுல்ல. என்ன திடீர் அக்கறைன்னு கேட்டார். ஏன்னு சொல்லல. கண்ணாடி டீச்சர் எப்படிச் சொல்லுவா?

— சரி அண்ணி, போனது போகட்டும். நான் போய் அண்ணி கூப்பிடலன்னு சொல்லிடறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க.

— அதுக்கு முன்னாடி அந்தக் கீழ் டிராயரைத் திற. போர்வைக்கு அடியில கையை விடு.

— என்ன இருக்கு?

— எடு.

— அண்ணி... இது அண்ணனோட பெல்ட்.

— ஆமா.

— இது எப்படி இங்க? கம்பெனியில கொடுத்தாங்களா? எப்பக் கொடுத்தாங்க? என்கிட்ட ஏன் சொல்லல?

— அவங்க கொடுக்கல. அது இந்த வீட்டை விட்டே போகல. கொக்கி இறுகிடுச்சுன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, முந்தின நாள் ஞாயித்துக்கிழமை எண்ணெய் போட்டார். அந்த நீலச் சட்டையிலதான் துடைச்சார். காயட்டும்னு பால்கனிக் கொடியில மாட்டினார். என் வரிசையில டப்பா இருந்துச்சு, போன் இருந்துச்சு, பர்ஸ் இருந்துச்சு. இது இல்ல.

— அப்போ அந்த சூபர்வைசர்...

— பொய் சொல்லல.

— நான் அவர் பொண்டாட்டி முன்னாடி... ஐயோ. பத்து நாளா இதை இங்க வெச்சுக்கிட்டு நீங்க சும்மா இருந்தீங்களா?

— இருந்தேன்.

— அண்ணன் கிளம்பினப்புறம்தானே பார்த்தீங்க? மறுநாள்தானே?

— வண்டி ஸ்டார்ட் ஆகறப்பவே பார்த்தேன். ஓடிப்போய்க் கொடியிலருந்து உருவினேன். டெய்லரக்கா பார்த்தது சரிதான். வாயைத் திறந்தேன். கட்டுப் போட்ட கை ஞாபகம் வந்துச்சு. மூடிட்டேன்.

— போன் பண்ணியிருக்கலாமே அண்ணி. ஒரு போன்.

— போய்ச் சேரட்டும், அப்புறம் பண்ணலாம்னு இருந்தேன். போய்ச் சேர்ந்தப்புறம் பண்ணினா அது பின்னாடி கூப்பிட்டதா ஆகாதுல்ல. அப்படித்தான் கணக்குப் போட்டேன், நான், சயின்ஸ் டீச்சர். அவங்ககிட்ட வேற பெல்ட் இருக்கும்னும் சமாதானம் சொல்லிக்கிட்டேன். முதல் பீரியட் முடிஞ்சதும் பண்ணேன். வேற யாரோ எடுத்தாங்க.

— அழாதீங்க.

— நான் அழல. நீதான் அழற.

— நீங்க கூப்பிட்டிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது அண்ணி. அந்த வண்டி போடற சத்தத்துக்கு, தலையில ஹெல்மெட் வேற. ரெண்டு மாடி மேலருந்து கத்தினா எப்படிக் கேக்கும்? நிச்சயமா கேட்டிருக்காது.

— கேக்கவே வேண்டியிருக்கலம்மா. கேட் கிட்ட போனதும் அவரே வண்டியை நிறுத்தி மேல திரும்பிப் பார்த்து, என்னன்னு கையால கேட்டார். கிளம்பினவர் திரும்பி வந்துடக் கூடாதேன்னு பெல்ட்டை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்கன்னு சிரிச்சுக்கிட்டே கையாட்டினேன்.