என் துப்பாக்கியில் சரியாகத்தான் உட்கார்ந்தது

காப்பி நன்றாக இருக்கிறது, ஷெரீஃப். மொன்டானாவில் அரசாங்க அலுவலகக் காப்பியை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

வெர்ன் ஸ்லெட்டன் என் தங்கை புருஷன். செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசமாட்டேன். சோம்பேறி, வாய் ஓயாதவன், அடுத்தவன் உழைப்பில் குளிர்காய்கிறவன், மற்றபடி தங்கமானவன். வேட்டையில் எந்த மிருகம் கண்ணில் பட்டாலும் கையை நீட்டி என்னை மறிப்பான்.

"இது எனக்கு, மச்சான். நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு."

ஒரே ஒரு முறை நான் முந்திக்கொண்டேன். பெரிய எல்க் மான். நான் மலை இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் அதன் கொம்பில் தன் வேட்டை உரிமத்தின் பெயர்ச்சீட்டைக் கட்டிவிட்டான்; சீட்டு யாருடையதோ மான் அவனுடையது. அந்தக் கொம்பு இன்றும் அவன் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்குகிறது. ஒவ்வொரு நன்றித் திருநாளுக்கும் அதன் கீழே உட்கார்ந்து வான்கோழி தின்றிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு மைத்துனன் இருப்பான், புரியும்.

வெடித்த காலிக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்து இருவருக்கும் தோட்டா நிரப்புவது நான்தான். நிரப்பியதை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியின் அறையில் தள்ளி, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக அவன் துப்பாக்கியை என் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவான். இருவருடையதும் ஒரே ரகம்தான். ஆனால் ஒரு துப்பாக்கியில் வெடித்த பித்தளைக் கூடு அந்த அறைக்கு ஏற்றபடி உப்பிவிடும். அச்சில் கொடுத்துச் சுருக்காமல் மறுபடி நிரப்பினால், அதே துப்பாக்கியில் அலுங்காமல் உட்காரும். அடுத்தவன் துப்பாக்கியில் பாதியில் நிற்கும்.

இந்த வருஷம் என் துப்பாக்கியில் வெடித்த கூடுகளை, சுருக்காமல், அவனுக்கு நிரப்பிக் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் போட்டுப் பாத்தியா மச்சான்?"

"பாத்தேன் மாப்ள. வெண்ணெயாட்டம் போகுது."

பொய்யில்லை. என் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தேன். அவனுடையது பக்கத்திலேயே சுவரில் சாய்ந்திருந்தது. எட்டி எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மலையில் துப்பாக்கியின் அறையைக் காலியாக வைத்துத்தான் நடப்போம். மிருகத்தைக் கண்ட பிறகுதான் தோட்டாவை உள்ளே தள்ளுவோம். கால் இடறினால் முன்னால் போகிறவன் முதுகு தப்ப வேண்டுமே. ஆகவே அதுவரை அவனுக்கு ஒன்றும் தெரிய வழியில்லை. நல்ல எல்க் ஒன்று எதிரே நிற்க, இவன் போல்ட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். என் ஆசை அவ்வளவே. அது கரடிக்குத் தெரியாது.

புதருக்குள்ளிருந்து குட்டியோடு வந்தது. வெர்ன் பழக்கதோஷத்தில் கையை நீட்டி என்னை மறித்தான். சிரிப்பு வந்தது. பிறகு போல்ட்டைத் தள்ளினான். பாதியில் நின்றது. உள்ளங்கையால் குத்தினான். பின்னுக்கும் வரவில்லை.

"அடைச்சிக்கிச்சு மச்சான். நீ சுடு." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. "சுடு மச்சான்."

என் துப்பாக்கி தோளில் ஏறியிருந்தது. தோட்டா உள்ளே போயிருந்தது, வெண்ணெயாட்டம். கரடி அகலமாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் பட்டிருக்கும்.

துப்பாக்கியை இறக்கிக் கையைக் கட்டிக்கொண்டேன். வருஷக்கணக்காக அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தானே. அவன் நெடுநேரம் கூப்பிட்டான். கடைசியில் மச்சான் என்றுகூட இல்லை, என் பெயரைச் சொல்லி.

என் தோட்டாக்களில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதால்தானே கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சின்ன உதவி மட்டும். அந்தக் கொம்பைத் தங்கை தரமாட்டேன் என்கிறாள். அவர் ஞாபகமாக அது ஒன்றுதான் இருக்கிறது என்று அழுகிறாள். சுட்டது நான்தான் என்று அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மானைத்தான்.