எழுத இடம் கேட்ட இயந்திரம்

விழாத் தலைமையேற்று வீற்றிருக்கும் சங்கத் தலைவி ஆனந்தவல்லி அவர்களே, மூத்தோர்களே, இராஜபாளையத்துப் பஞ்சைப் பக்குவமாய் மடித்துப் பாரெங்கும் புண்ணாற்ற அனுப்பும் பேண்டேஜ் கம்பெனித் தாய்மார்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த சொந்தங்களே! உங்களோடு துணி மடிக்கிற, ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்தச் சுடலையம்மாளின் வணக்கம்.

என் மகன் வழிப் பேத்தி பாண்டிசெல்விக்கு இன்று பொன்னாடை போர்த்தினீர்கள். எதற்கென்று தெரியாதவர்களும் இருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நம் துணியை ஆவியில் வேகவைத்துக் கிருமி கொல்லும் இயந்திரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. எத்தனை மணிக்கு எத்தனை சூடு என்று அது குறித்து வைக்கும். அதற்கு ‘லாக்’ என்று பெயர். அந்தக் குறிப்பு இல்லாத துணியை எந்த ஆஸ்பத்திரி தொடும்? போன மாதம் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் ஏற்றினாள், நம் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பேத்தி. மறுநாள் காலை இயந்திரம் ஓட மறுத்தது. நான்கு மணிக்கு லாரி! நாற்பது பெண்களின் ஒரு வார உழைப்பு கட்டுக் கட்டாய்க் கிடக்கிறது!

பாய்லரில் பழுதா? இல்லை. கரண்டில் கோளாறா? இல்லை. போல்டர் என்று கம்ப்யூட்டருக்குள் குறிப்பு வைக்கும் அறை ஒன்று உண்டு; அது பேத்தி பெயரில் இருந்தது. அவள் சோதித்தபோது ஓடிற்று. இயந்திரம் தன் பெயரில் எழுதப் போனதும், அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் கதவடைத்துவிட்டது; குறிப்பு எழுதாமல் இயந்திரம் ஓடாது!

மெக்கானிக் சதீஷ் சொன்னார்: “ஏட்டி, எல்லாருக்கும் தெறந்து விட்டுரு. ஜோலி முடிஞ்சுது.”

“யாரு வேணாலும் எழுதலாம்னா அது பதிவேடு இல்லண்ணே, பஸ் ஸ்டாண்டு செவரு” என்றாள் பேத்தி.

பின்வரிசையில் பலமாகச் சிரிப்பது யார்? சதீஷேதான்!

தாய்மார்களே, ஆண்டாள் தேரின் வடத்தை யாரும் பிடிக்கலாம். சக்கரத்துக்குத் தடி போட்டுத் திருப்ப ஊரே இறங்கினால் தேர் நிலை சேருமா?

முதலாளி பொன்னுராஜ் கடிகாரத்தைப் பார்த்தார், சதீஷைப் பார்த்தார். கடைசியில், “அந்தப் புள்ள சொல்லுதபடி செய்யுங்க” என்றார்.

அந்த ஒரு போல்டரை மட்டும் இயந்திரத்தின் பெயருக்கு மாற்றினாள். எழுத வேண்டியதற்கு எழுத உரிமை. மற்றவர்க்குப் பார்க்க மட்டும் உரிமை. ஆவி சீறியது. சூடு ஏறியதும் திரையில் முதல் வரி விழுந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்: “பதினொன்னு பத்து. நூத்தி இருபத்தொன்னு டிகிரி.” நாற்பது பேரும் குலவை போட்டீர்களே, மறக்குமா?

என்னம்மா, லாரியா? மூன்றரைக்கே போய்விட்டது!

எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத ஒருவரின் புண்ணில் நம் துணி விழும். அது சுத்தம் என்று சாட்சி சொல்லும் ஏட்டைப் பொய் தீண்டாமல் காத்தவள், நம்மில் ஒருத்தி! நம்மில் ஒருத்தி!

கேட்ட காதுகளுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி. வாரேன், வணக்கம்.