மூன்றாக மடித்த விரிப்புகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மருத்துவமனை இயக்குநர் டாக்டர் சுப்பராயலு அவர்களே, அவசரப் பிரிவின் தலைவர் டாக்டர் பிரசன்னா அவர்களே, மேட்ரன் காந்திமதி அம்மையார் அவர்களே, முன்வரிசையில் மனைவியின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் லாசரஸ் அவர்களே, ட்யூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் சிஸ்டர்களே, வார்டு ஆயாக்களே, பம்மலிலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பொதுமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் சௌகத் அலி. இங்கே ஸ்டோர் பொறுப்பாளர். பஞ்சு முதல் ஆக்ஸிஜன் சிலிண்டர் வரை என் கையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகிறது. பதினொரு வருடமாக என் வேலை சந்தேகப்படுவது. ஒரு பெட்டி கையுறை கேட்டால், போன வாரம் கொடுத்த பெட்டி எங்கே என்று கேட்பேன். என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் என்னை 'சிஐடி' என்று அழைப்பதும் எனக்குத் தெரியும். அது போகட்டும். இன்று இந்த மேடையிலும் நான் சந்தேகத்தோடுதான் நிற்கிறேன். அழுவதை வீட்டில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நால்வரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அயராதவர்! இதோ, என் தலைக்கு மேலே தொங்குகிற பேனரிலும் அதே வார்த்தை. 'அயராத தொண்டின் அடையாளம், சிஸ்டர் ரத்தினபாய்.' எனக்கு இந்த வார்த்தை மேல் நம்பிக்கை இல்லை. சிஸ்டர் ரத்தினபாய் அயராதவர் என்று யார் சொன்னது? அவரே சொன்னாரா? 'சிஸ்டர், முடியுதா உங்களால?' என்று இத்தனை வருடத்தில் நம்மில் ஒருவராவது கேட்டதுண்டா? நான் கேட்கவில்லை. நான் அவரிடம் கேட்ட கேள்விகள் வேறு. அதற்கு வருகிறேன்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்காக முதலில் இதைச் சொல்ல வேண்டும். சிஸ்டர் ரத்தினபாய் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், அதெல்லாம் எல்லா சிஸ்டர்களும் செய்வது. இந்த மருத்துவமனையில் அவர் ஒருவரே செய்த வேலை இன்னொன்று உண்டு. உள்ளே ஓர் உயிர் போனால், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் அதைப் போய்ச் சொல்வது! எந்தப் புத்தகத்திலும் எழுதாத வேலை. எந்த ட்யூட்டி சார்ட்டிலும் இல்லாத வேலை.

அது எப்படித் தொடங்கியது? இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. கோவிலம்பாக்கத்தில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அப்போது இருந்த ட்யூட்டி டாக்டர் வெளியே வந்தார். பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் ஏதோ சொன்னார், 'சாரி' என்றார், போய்விட்டார். கொத்தனாரின் மனைவி, அந்த அம்மாள், சுற்றி நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்து, "இன்னா சொல்லிட்டுப் போறாரு? ஆப்பரேசன் பண்ணணுமாமா?" என்று கேட்டார். நாங்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்தோம். நானும் அங்கே நின்றேன், கையில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டியோடு.

சிஸ்டர் ரத்தினபாய்தான் வந்தார். அந்த அம்மாளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன் வூட்டுக்காரர் செத்துப்போயிட்டாரும்மா. நாங்க பார்த்தோம், முடியல" என்றார். அவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை, கடவுள் மேல் பழி போடவில்லை. அந்த அம்மாள் இவருடைய தோளைக் கடித்துக்கொண்டு அழுதார். கடித்துக்கொண்டு! வெள்ளைச் சட்டையில் பல்தடம் தெரிந்தது. அந்த அம்மாளின் அண்ணன் வந்து சேரும்வரை சிஸ்டர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாளிலிருந்து இந்த மருத்துவமனைக்கு ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. 'ரத்தினபாயைக் கூப்பிடு.' ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவரா, ரத்தினபாயைக் கூப்பிடு. பிரசவத்தில் போன பெண்ணா, ரத்தினபாயைக் கூப்பிடு. சோற்றில் கை வைத்திருந்தாலும் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருந்தாலும் செம்பாக்கத்துக்கு ஆட்டோ அனுப்பிக் கூப்பிடு. அவர் நன்றாகச் செய்கிறார், அதனால் அவரே செய்யட்டும் என்றோம். அதைப் பாராட்டு என்றும் நம்பிக்கொண்டோம். எனக்கு இப்போது அந்தப் பாராட்டின் மேல் பலத்த சந்தேகம் இருக்கிறது. அது நாம் தப்பித்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி.

செத்தவர் போய்விட்டார். சொல்லச் சொன்ன டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அழுதவர்கள் உடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடுவில் நின்று அத்தனை அழுகையையும் வாங்கிக்கொண்டவர் அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார்? யோசித்தீர்களா? நான் யோசித்தேன். ஆனால் தப்பாக யோசித்தேன்!

இரண்டாவது மாடியில் படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் சின்ன அறை இருக்கிறது. லினன் ரூம் என்போம். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. வெளியே சொந்தக்காரர்களிடம் சொல்லி முடித்ததும், சிஸ்டர் நேராக அந்த அறைக்குப் போவார். உள்ளே தாழ்ப்பாள் போடுவார். கால்மணி நேரம் கழித்து வெளியே வருவார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். என்னைப் போன்ற ஆளுக்கு இது போதாதா?

நான் அலமாரியைச் சோதித்தேன். சலவைக்காரர் விரிப்பை நாலாக மடித்துக் கொடுப்பார். எனக்கு அந்த மடிப்பு மனப்பாடம். மேல் தட்டில் இருந்த விரிப்புகளோ மூன்றாக மடித்திருந்தன. யாரோ பிரித்து மறுபடி மடித்திருக்கிறார்கள்! ஏன் பிரிக்க வேண்டும்? உள்ளே எதையோ ஒளித்து வைக்கத்தான். எதை? தூக்க மாத்திரையையா, ஊசி மருந்தையா? இரண்டு வாரம் கவனித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது. நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரணை வைத்தார்கள். உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது சிஸ்டர் சொன்ன பதில், "ஒண்ணும் இல்லீங்க சார், பெட்ஷீட் மடிக்கிறேன்." நாங்கள் சிரித்தோம். இப்படியா பொய் சொல்வார்கள் என்று சிரித்தோம்!

குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனாலும் அறைச் சாவி என்னிடம் வந்துவிட்டது. என் கையெழுத்து இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. சாவியை என் மேசையில் வைத்துவிட்டு சிஸ்டர் சொன்னார்: "உங்க வேலையை நீங்க செஞ்சீங்க சார். எனக்கு வருத்தமில்லை." அதையும் நான் நம்பவில்லை. கோபப்படாமல் போகிறாரே, இதில் என்ன சூது என்று யோசித்தேன். அதன் பிறகு அவர் இறக்கும்வரை இரண்டு வருடம், ஒவ்வொரு சாவைச் சொல்லி முடித்ததும் அவர் மாடிப்படிக்குக் கீழே, சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். நிற்கும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வார். நான் சிலிண்டர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன், அந்தக் கைக்கு என்ன என்று பார்க்கவில்லை.

போன வாரம் லாசரஸ் வீட்டுக்குப் போனேன். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கடைசி ஒரு வருடம் சிஸ்டர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லையாம். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ஜன்னலைச் சாத்திவிடுவாராம். ஒருநாள் கத்தரிக்காய் விற்க வந்தவர், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். சிஸ்டர் பையைக்கூட எடுக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். "அந்த ஆள் மேல எனக்குக் கோவம் வந்துச்சுங்க. ஏன் எங்கிட்ட வந்து சொல்றான்னு கோவம். நான் கல்லாயிட்டேங்க" என்று அன்று முழுக்க அழுதிருக்கிறார்.

நம்முடைய சிஸ்டர் ரத்தினபாய்! கொத்தனார் மனைவிக்குத் தோள் கொடுத்த அதே ரத்தினபாய்! அவரா கல்? இல்லை ஐயா, இல்லை. கொள்ளுமட்டும் வாங்கிக்கொண்ட பிறகு இன்னொரு சொட்டுக்கு இடமில்லாமல் போன மனுஷி அவர். அதற்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் கல். நாம் வைத்த பெயர் அயராதவர். இரண்டும் பொய்.

அன்று வீட்டில் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தாராம். லாசரஸ் ஏன் என்று கேட்டிருக்கிறார். "ஆஸ்பத்திரியில ஒரு ரூம் இருந்துச்சுங்க. அங்க நாலு பெட்ஷீட் பிரிச்சு மடிச்சா கை நடுக்கம் நின்னுடும். இப்ப அந்த ரூம் இல்ல" என்றாராம். ஏன் இல்லை என்பதை அவர் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. நான்தான் அன்று லாசரஸிடம் சொன்னேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு டீ கொடுத்தார். அந்த டீயைக் குடித்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம்.

இதய நோய் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறார்கள். இதயம் நின்றுவிட்டதாம். யாருக்குத்தான் கடைசியில் இதயம் நிற்கவில்லை? நம்முடைய வழக்கம்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சந்தேகப்படுகிறேன். என்னையும் சேர்த்துச் சந்தேகப்படுகிறேன்.

இப்போது என் கையில் இருக்கும் இந்தத் தாளுக்கு வருகிறேன். கூட்டத்தின் தீர்மானம். இதைப் படித்துவிட்டு இறங்கும்படிதான் எனக்குச் சொன்னார்கள். கடைசி வரி இது: 'மறைந்த சிஸ்டர் ரத்தினபாய் விட்டுச் சென்ற புனிதப் பணியை இனி சகோதரி ஷபீனா அவர்கள் அயராது தொடர்வார்.'

அயராது! மறுபடியும் அந்த வார்த்தை!

நம் இளம் சிஸ்டர் ஷபீனா அதோ கடைசி வரிசையில் நிற்கிறார். சிஸ்டர் இறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் 'ஷபீனாவைக் கூப்பிடு' தொடங்கிவிட்டது. இன்று புதன்கிழமை, அவருக்கு விடுமுறை. ஆனாலும் காலையில் ஷேர் ஆட்டோவில் வரவழைத்துவிட்டார்கள், ஒரு தகப்பனிடம் சொல்வதற்கு. சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நின்றவரிடம், எப்படிம்மா இருக்கே என்று கேட்டேன். "மொத தடவை ராத்திரி பூரா அழுதேன் சார். இன்னிக்கு அழுகையே வரல. பழகிட்டேன்ல?" என்றார். நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். அவருக்கு வயது இருபத்து நான்கு.

தலைவர் அவர்களே, என்னை மன்னிக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிய மாட்டேன். வேண்டுமானால் என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டரின் பணி தொடர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கொத்தனார் மனைவி மாதிரி இன்னொருத்தி சுவரைப் பார்த்து நிற்பவர்களிடம் கேட்கக் கூடாது. ஆனால் ஒரே தோளில் தொடரக் கூடாது! யார் வைத்தியம் பார்த்தாரோ அவரே போய்ச் சொல்லட்டும். கூட ஒருவர் உட்காரட்டும். இன்று சொன்னவர் நாளை சொல்ல வேண்டாம். சொல்லி முடித்தவருக்குக் கால்மணி நேரம் கொடுங்கள், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காதீர்கள். லினன் ரூமுக்கு இன்று காலை முதல் பூட்டு கிடையாது. அதற்கு நான் பொறுப்பு.

மேட்ரன் அம்மா, பேனா இருக்கிறதா? நாள்வாரியாகப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இன்று மாலை வரை நான். கூட உட்காரும் ஆள் நான். எனக்கு வைத்தியம் தெரியாது, தண்ணீர் எடுத்துக் கொடுக்கத் தெரியும், எழுந்து ஓடாமல் இருக்கத் தெரியும். நாளை யார்?

யாரது பின்னால்? வார்டு ஆயா கங்கம்மாவா?

"நான் கீறேன் சார்! எனக்கு இன்னா பயம்? இருவது வருசமா பொணத்தைத் தொடச்சிகினு கீறேன், வாயால சொல்றது பெரிய விசயமா?"

உட்காருங்கள் கங்கம்மா. நீங்கள் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எந்தப் பாரத்துக்கும் முதலில் எழுந்திருப்பது நீங்கள்தான், அதனால்தான் மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கிறோம். இந்தத் தடவை நான் உங்களைக் கேட்கவில்லை. மேடையைக் கேட்கிறேன். சிஸ்டரைப் பற்றிக் கண்கலங்கப் பேசியவர்களைக் கேட்கிறேன். அந்தக் கண்ணீரை நான் நம்ப வேண்டுமா, வேண்டாமா? நாளை வியாழக்கிழமை. யார்?

நான் காத்திருக்கிறேன். எனக்கு அவசரமில்லை.

டாக்டர் பிரசன்னா எழுந்து நிற்கிறார்.

நன்றி டாக்டர். முகம் வெளுத்திருக்கிறது, பரவாயில்லை. பயப்படுகிறவர்தான் பார்த்துப் பேசுவார். எழுதிக்கொள்ளுங்கள் மேட்ரன் அம்மா: வியாழன், டாக்டர் பிரசன்னா. வெள்ளிக்கு இயக்குநர் அவர்கள் கையைத் தூக்குகிறார், அதையும் எழுதுங்கள். மற்ற நாட்களுக்கு, இந்தக் கூட்டம் கலைவதற்குள் நானே ஒவ்வொருவரிடமும் வந்து கேட்பேன்.

ஷபீனா, இன்னிக்கு உனக்கு லீவும்மா. பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ.