இரண்டாவது கோப்பை

உங்கள் அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம். அந்தச் சுவரில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள், திருமதி பெவின்ஸ். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஒருதரம் கைதட்டிப் பார்ப்பது எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். என் கணவன் வெண்டல் ஓகிள் ஏப்ரல் மாதச் சூறாவளியில் இறந்த விஷயத்தை மரண விசாரணை அதிகாரியாக நீங்கள் விசாரித்து முடித்து நாலு மாதம் ஆகிறது. நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தவறு. 'கணவர் திரும்பி வந்தது மனைவிக்குத் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேடைப் பெயர் ட்ரினா மேஸ். பத்தொன்பது வயதில் நான் பாடிய ஒரு பாட்டு அந்தக் கோடை முழுக்க எல்லாக் கடைகளிலும் ஓடியது. நீங்களே அதற்கு ஆடியிருப்பீர்கள். அதற்குப் பிறகு வந்தது ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவாக ஓடியது. முப்பத்தெட்டு வயதில் ஓர் உல்லாசக் கப்பலில், இறால் உரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தேன்.

மவுசு போன பாப் பாடகி நாஷ்வில் வந்து பழைய நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டுகளைப் பாடி ஓர் ஆல்பம் போடுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சிலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. எனக்கும் இசைத்தட்டுக் கம்பெனி பன்னிரண்டு பாட்டு கொடுத்தது. கம்பெனியின் லோரி போனில் ரொம்ப இனிமையாகத்தான் சொன்னாள். "இது போகலேன்னாலும் நாம சிநேகிதிங்களாவே இருப்போம் ட்ரினா." சிநேகிதியாக இருப்போம் என்று கம்பெனி சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டொலீடோவில் என் சித்தப்பா மகள் விளக்குக் கடை வைத்திருக்கிறாள். 'எப்ப வேணா வா, கவுண்டர்ல ஒரு நாற்காலி போட்டுடறேன்' என்று இரண்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு சேர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டும். சாவைக்கூட நான் அவ்வளவு பயத்தோடு நினைத்ததில்லை. பதினாலு வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது பாட மட்டும்தான். பாட்டை எடுத்துவிட்டால் நான் யார் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது.

தயாரிப்பாளர் ஹோமர் டில்லார்ட். வயது எழுபத்தொன்று. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்களே, அந்த வித்தை தெரிந்தவர். இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி வைத்திருப்பார். பாடுகிறவர் சரியாகப் பாடவில்லை என்றால் திட்டமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். இடது காதிலிருப்பதைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். ரொம்ப மோசம் என்றால் வலதையும் கழற்றிவிடுவார். நாஷ்வில் பாடகர்களெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பன்னிரண்டில் ஒன்பதாவது பாட்டு 'இரண்டாவது கோப்பை'. ஒருத்தி தினமும் காலையில் இரண்டு கோப்பை காபி ஊற்றுகிறாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்றைக் குடிக்கவேண்டியவன் இறந்துவிட்டான். சாயங்காலம் அந்த ஆறிப்போன காபியையும் அவளே குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கிறாள். பாட்டு அவ்வளவுதான். ஆல்பமே அந்தப் பாட்டின் மேல்தான் நிற்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

வெண்டலைப் பற்றிச் சொல்லவேண்டும். கூரை போடுகிற வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். மலைப்பக்கத்து ஆள், இந்தப் பாட்டெல்லாம் அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆணியை வாயில் கவ்விக்கொண்டே முணுமுணுப்பான், சுருதி அசையாது. அதற்கு அவனுக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை, அவனும் கேட்டதில்லை. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் முதல் நாள் பதிவு. இங்கே வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிப்பார்கள். அவர்களுக்குப் பாட்டு எங்கே போகிறது என்று தெரிவதற்காகப் பாடகி ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கூடவே பாடவேண்டும். ட்ராக் பாடுவது என்பார்கள். அதை யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள். பிறகு பாடகி தனியாக வந்து நிஜமாகப் பாடுவாள், ட்ராக்கைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். அதனால் நான் அன்றைக்குக் குரலைக்கூடப் பழக்கிக்கொள்ளவில்லை. குளிராக இருந்தது என்று வெண்டலின் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு பாடினேன்.

வெண்டல் எல்லோருக்கும் தொத்திறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டி வாங்கி வந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டில்லார்ட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவருடைய மைக் பொத்தானை எட்டி அமுக்கினான். "மகாராணி, கதவத் தெறந்து போட்டுக்கிட்டேதான் பாடப்போறீங்களா?" என்றான். கூண்டின் கதவைச் சாத்த மறந்திருந்தேன். ஸ்டீல் கிடார் வாசிக்கிற கிழவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் நாலு பாட்டு முடிந்தது, அதில் முதலில் எடுத்தது 'இரண்டாவது கோப்பை'.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். மற்றப் பதினொன்றும் ஒழுங்காக வந்துவிட்டன. ஒன்பதாவது வரவில்லை. ஐந்து வாரம் பாடினேன். மூன்றாவது வாரத்தில் டில்லார்டின் இரண்டு கருவிகளும் மேஜைமேல் இருந்தன. ஒருநாள் அவர் கூண்டுக்குள் வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, உன் குரல்ல ஒரு குத்தமும் இல்ல. இந்தப் பாட்ட மொதல்ல பாடினவ ரெண்டு புள்ளையப் பொதச்சவ. நீ யாரையாவது பறிகொடுத்திருக்கியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள். ஒரு பூனை இறந்திருக்கிறது. "இல்ல சார்," என்றேன்.

"அது உன் தப்பில்லம்மா," என்று முட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரமே லோரி போன் செய்து, ஒன்பதாவது சரியாக வரவில்லை என்றால் ஆல்பத்தைத் தள்ளிவைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள்.

என்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். தெரியாதவர்களுடைய சவ அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டைக் குறைத்தேன். வெண்டலை ஒரு வாரம் அவன் தம்பி கேரி வீட்டுக்குப் போகச் சொன்னேன், பிரிவு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக. மூன்றாம் நாள் வாசலில் அவன் வண்டிச் சத்தம் கேட்டது. "கேரி வீட்டு காபி கழுவின தண்ணி மாதிரி இருக்கு. அதோட உன் மூஞ்சி வேற ஞாபகம் வந்துடுச்சு," என்றான். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அழவேண்டும்போல் இருந்தது, ஆனால் அது அந்தப் பாட்டுக்கு வேண்டிய அழுகை இல்லை. இன்னும் நாலு நாள் கொடுத்திருக்கக்கூடாதா என்கிற அழுகை.

ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை. மத்தியானம் மூன்றே முக்காலுக்குச் சைரன் ஊதியது. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பூமிக்குள் இறக்கிய இரும்பு அறை இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். கல்யாணமான வருடமே வெண்டல் என்னை அதில் இறக்கிவிட்டுப் பாடம் நடத்தினான். "காத்து வந்துடுச்சுன்னா தாழ்ப்பாளப் போட்டுடணும். அப்புறம் போப்பாண்டவரே வந்து தட்டினாலும் தெறக்கக்கூடாது. தெறந்தா கதவு உன் கையோட போயிடும்." இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விதி.

நான் இறங்கிவிட்டேன். அவன் எங்கள் நாயைத் தேடிப் போனான். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். காற்று அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. மரமெல்லாம் அசையாமல் நின்றது. இதை அன்றைக்கு நான் உங்களிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினான். "யாரு உள்ள? மகாராணி தூங்கிட்டீங்களா?" என்றான். நாய் அவன் கையில் முனகுவது கேட்டது. நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். ஒற்றை விரலால் தள்ளினால் போகும், வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிறவன் அவன்தான். இரண்டாம் முறை, "ட்ரினா, வெளையாடாத, அது வயக்காட்டத் தாண்டிடுச்சு," என்றான். மூன்றாம் முறை என் சொந்தப் பெயரைச் சொன்னான். "கத்ரினா." அப்படி அவன் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

அந்தக் குரலில் அது இருந்தது. ஐந்து வாரமாக நான் தேடியது. தொடங்கும்போது கெட்டியாக இருந்து, கடைசி எழுத்தில் மட்டும் அடியில் ஏதோ விட்டுப்போவது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்னொருதரம் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சொன்னான். அதற்குப் பிறகு காற்றுச் சத்தம் வந்துவிட்டது.

முதல் தட்டலிலிருந்து காற்று வரும்வரை ஒன்றரை நிமிடம் இருக்கும். எனக்கு நேரக்கணக்கு தப்பாது. அது நிறைய நேரம், இரண்டு சரணம் பாடி முடித்துவிடலாம்.

அவனை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டார் துக்க வீட்டுக்கென்று எட்டு நாளைக்குக் கோழி கேசரோலாகச் சமைத்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள். கேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அவன் சொன்னபடியே செஞ்சிருக்க அண்ணி. நீயாவது மிஞ்சினியே," என்றான். உயிர் தப்பிய நாயை அவனே கூட்டிக்கொண்டு போனான். நானும் அழுதேன். உண்மையான அழுகை. இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் இல்லை. காலையில் இரண்டு கோப்பை ஊற்றிப் பார்த்தேன். சாயங்காலம் அந்த ஆறின காபியைக் குடித்தபோது கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது, சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். டில்லார்ட் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு தடவை பாடினேன். பாதியில் அழுதேன், நிறுத்தாமல் பாடினேன். என் வாழ்க்கையில் அப்படிப் பாடியதில்லை. டில்லார்டின் இரண்டு கருவியும் காதிலேயே இருந்தன. "போதும், வீட்டுக்குப் போ கண்ணு," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் வண்டியில் உட்கார்ந்து, எல்லாம் வீண் போகவில்லை என்று வெண்டலிடமே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆல்பம் முழுவதையும் போட்டுக் கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். லோரியும் வந்திருந்தாள். ஒன்பதாவது பாட்டு வந்தது. திருமதி பெவின்ஸ், அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வது? எதையும் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வதுபோல் இருந்தது. இரண்டாவது சரணத்தில் சிரிப்பு வந்து அடக்கினதுபோல் ஓர் இடம், அங்கே எல்லோரும் உடைந்துபோனார்கள். லோரி மூக்கைச் சிந்திக்கொண்டே, "இது போதும் ட்ரினா, ஜெயிச்சுட்ட," என்றாள்.

நான் டில்லார்டிடம், "இருபத்திரண்டுல இது எது சார்?" என்று கேட்டேன்.

அவர் பாட்டை நிறுத்தினார். பிறகு சொன்னார். "அதுல எதுவும் இல்ல கண்ணு. முதல் நாள் அவன் மைக்க அமுக்கி உன்னக் கிண்டல் பண்ணினான் பாரு, அந்தக் குரல வெட்டி எடுத்து உனக்குக் குடுக்கலாம்னு பழைய பதிவத் தேடினேன். அப்படியே ஓட விட்டேன். பின்னாலயே உன் ட்ராக் வந்துச்சு. அன்னிக்கு நீ கண்ணாடி வழியா அவனப் பாத்துப் பாடியிருக்க. அதுக்கப்புறம் பாடினதெல்லாம் யாரும் இல்லாத வீட்ல பாடினது. கேக்கவே முடியல, கருவியக் கழட்டவும் மனசு வரல."

அந்தத் துண்டையும் எனக்காகப் போட்டுக் காட்டினார். கதவத் தெறந்து போட்டுக்கிட்டேதான் பாடப்போறீங்களா என்று வெண்டல் கேட்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அப்புறம் கதவைச் சாத்துகிற சத்தம்.

நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் இரண்டு நாள் அப்படித்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். பிறகு நிதானமாக யோசித்தேன். அவன் உயிரோடு இருந்திருந்தால் டில்லார்ட் அந்தப் பதிவைத் தேடியிருக்கவே மாட்டார். ட்ராக்கைக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஆகவே நான் தாழ்ப்பாளைத் திறக்காததற்கு அந்தப் பாட்டில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது. அதை யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதிவைக்கவேண்டும் என்றுதான் வந்தேன். அவன் வந்தது எனக்குத் தெரியும். அவன் நாலு முறை கூப்பிட்டான். நான் திறக்கவில்லை. இதுதான் அந்த வரி.

உங்கள் ஒலிப்பதிவு இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, எல்லாம் பதிவாகியிருக்கும். ஆனால் அவன் என் பெயரைச் சொன்ன இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. உங்களுக்கு நேரம் இருந்தால் அங்கேயிருந்து மறுபடியும் சொல்கிறேன், திருமதி பெவின்ஸ். இன்னொரு தடவை சொன்னால் இதைவிட நன்றாக வரும்.