ஒரு கட்டு வெங்காயத்தாள்

— ஏத்தா வாணி, சமையக்காரர்ட்ட என்னத்தச் சொல்லி வச்சிருக்க? பந்தியில வெங்காயத்தாள் பொரியலாமே!

— ஆமாப்பா. என் நிச்சயதார்த்தம். எனக்குப் பிடிச்சது ஒண்ணு எலையில இருக்கட்டுமே.

— இந்தா பாரு, பன்னீரு, காளானுன்னு அம்புட்டும் சொல்லியாச்சு. தாள் எதுக்கு? ஊரு என்ன சொல்லும்?

— சொல்லட்டுமே. விக்ரம் வீட்டுல ஃப்ரைடு ரைஸ் மேல இதே தாளத் தூவித்தான் திங்கிறாங்க.

— மாப்ள வீட்டப் பத்தி எனக்குக் கவலையில்லத்தா. பழைய மொதலாளி வாராரு. அவரு தோட்டத்துல வெங்காயம் புடுங்குன பயதான நான்? காய் அவரு மூடைக்கு, அறுத்துப் போட்ட தாள் நமக்கு. அதையே அவரு எலையில வச்சா, இன்னும் இதத்தான் திங்கிறானுகன்னு நெனைக்க மாட்டாரு?

— நெனைக்கட்டுமே! அதத் தின்னு வளந்துதான் காலேஜ்ல தாவரவியல் எடுக்குறேன். கேளுங்கப்பா, தாள் உள்ள வெறுங்கூடு மாதிரி தெரியும். ஆனா வெயில வாங்கிச் சாப்பாடு செஞ்சு கீழ அனுப்புறது அதான். நீங்க காய்ங்குறது அந்தத் தாளோட அடி, தடிச்சுப் போனது. ரெண்டும் ஒண்ணுதான். அவரு அடிய எடுத்துக்கிட்டு நுனியக் குடுத்தாரு, அம்புட்டுதான்.

— ஒனக்குத் தெரியாதுத்தா. வேல முடிஞ்சா வரப்புல வந்து நிப்பாரு. தாளுக்குள்ள காய ஒளிச்சிருக்கமான்னு கட்டப் பிரிச்சு அவரு முன்னால உதறிக் காட்டணும். நீ வயித்துல இருக்கையில ஒங்காத்தா மடிய உதறிக் காட்டுனா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— அந்த ஆளுக்கு எதுக்குப்பா வெத்தல பாக்கு வச்சு அழச்சீங்க?

— அவரு குடுத்த நெலத்துலதான நிக்கிறோம்.

— குடுத்தாரா? வித்தாரு! நீங்க திருப்பூர் சாயப்பட்டறையில பதினாறு வருசம் வெந்து வாங்குனது. பொரியல் உண்டு. நீங்க தாள் புடுங்கப் போகலைன்னா இந்தப் பட்டுச்சேலையோட நானே தோட்டத்துல எறங்குறேன்.

— ஏய், நில்லுத்தா! பிடிவாதத்துல அப்படியே ஒங்காத்தா. நானே போயி ஒரு கட்டு கொண்டு வாரேன்.

— சீக்கிரம் வாங்க. எல்லாரும் வர்ற நேரமாச்சு.

— இந்தா, வந்துட்டேன். எளசாப் பாத்து எடுத்தேன். பாசிப்பருப்ப மொதல்ல வேகவைக்கச் சொல்லு. தாளக் கடைசியாப் போட்டு ஒரு வதக்கு, போதும். இல்லாட்டி கொழஞ்சுரும்.

— சரி, உள்ள வாங்க. வாசல்லயே நின்னு எதுக்குப்பா கட்டப் பிரிச்சு உதறுறீங்க?

— மண்ணு... மண்ணு இருக்கும்ல.

— வேர் இருந்தாத்தான மண்ணு? வேரு, காய் எல்லாத்தையும் அறுத்துத் தோட்டத்துலயே போட்டுட்டு வெறுந்தாளக் கொண்டாந்திருக்கீங்க. காய யாருக்குப்பா விட்டுட்டு வந்தீங்க?

— ஐயோ... கை தானா அறுத்துருச்சுத்தா.

— அப்பா, அது நம்ம தோட்டம். பட்டா உங்க பேருல இருக்கு. அழாதீங்கப்பா.

— யாரு அழுகுறா? அந்தா பாரு, கார் வருது. மொதலாளிதான். வாசலப் பாத்தாப்புல நாற்காலி போட்டு ஒக்கார வையி.

— நீங்க எங்க கெளம்பிட்டீங்க?

— இன்னொரு கட்டு புடுங்கியாரேன். வேரும் காயும் மண்ணுமா தோள்ல போட்டுக்கிட்டு அவரு முன்னாலயே நடந்து வருவேன். உதற மாட்டேன்.