ஞானாம்பாளின் வயலில் நான் எடுத்த வீடியோ

என் பெயர் தஹ்மீனா, வயது 28, தகப்பனார் பெயர் ஜெக்கரியா. திருத்துறைப்பூண்டி பள்ளிவாசல் தெருவில் குடியிருக்கிறேன். தஞ்சாவூரில் இளஞ்செழியன் என்பவர் நடத்தும் டிஜிட்டல் விளம்பர நிறுவனத்தில் மூன்று வருடமாக ரீல்ஸ் எடுத்து எடிட் செய்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

சென்ற அக்டோபர் 22ஆம் தேதி, அரிசிக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்துக்கு விவசாயி முகம் வேண்டும் என்று இளஞ்செழியன் சொன்னதன் பேரில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஞானாம்பாள், வயது 57, என்பவரின் வயலுக்குக் கேமராவோடு போனேன். குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்து நெல் சாய்ந்து முளைவிட்டிருந்தது. பயிர்ச்சேதம் என்றால் நிவாரணக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்து, ஆளை வயலில் நிறுத்திப் போட்டோ எடுப்பது இங்கு வழக்கம். நானும் அப்படி வந்தவள் என்று நினைத்து அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முளைத்த கதிரைக் கை நிறைய அள்ளிக் காட்டினார். "நல்லா எடுத்துக்கங்கம்மா, ஒரு மூலையும் விட்டுடாதீங்க" என்றார். அவர் தப்பாக நினைத்தது எனக்கு அந்த நிமிடமே தெரியும். வெளிச்சம் நன்றாக இருந்தது, வாயை மூடிக்கொண்டு எடுத்தேன். அதன் பிறகு சம்மதப் படிவத்தை நீட்டினேன், படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ஆபீஸில் அந்தக் கதிரின் முளையை அழித்துவிட்டு, ஏஐ மூலம் அவர் வாயை அசைய வைத்து, "இந்த அரிசி சாப்பிட்டு சுகர் மாத்திரையையே விட்டுட்டேங்க" என்று பேச வைத்தோம். எடிட் செய்தது நான்தான். ஒரே வாரத்தில் பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள். கேக் வெட்டினார்கள், வெட்கமில்லாமல் நானும் தின்றேன்.

அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திய பேராவூரணி செல்லதுரை என்பவருக்குக் கால் புண் முற்றி மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் வீட்டார் கொடுத்த புகாரில், வீடியோவில் இருக்கும் முகம் என்பதால் ஞானாம்பாளின் பெயர் இருக்கிறது. நேற்று இளஞ்செழியன் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மாவே பேசுனதுன்னு சொல்லிடு. கையெழுத்து இருக்குல்ல? நம்ம பேரு கெடக்கூடாது" என்றார். "நல்லா இருக்கு சார் உங்க நியாயம்" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்தேன். அவர் அழிக்கச் சொன்ன அசல் வீடியோவை பென் டிரைவில் இங்கே ஒப்படைத்திருக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் இன்று காலை ஞானாம்பாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப நம்ம வயலு லிஸ்ட்ல ஏறலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் வீடியோ எடுத்துப் போய் இரண்டு நாள் கழித்து நிஜமாகவே கணக்கெடுக்க வந்தவர்களை, ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். அசல் வீடியோவின் ஒரு நகலை, வழக்கு முடியக் காத்திராமல், வேளாண்மை அலுவலகத்துக்குக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதிய காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் 'முதலாளியின் கட்டாயத்தால்' என்று சேர்த்திருந்தார், அதை அடிக்கச் சொன்னேன். வயலில் என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ஜெ. தஹ்மீனா